கம்ப்யூட்டரின் வலது மூலைத் தொல்லை: எதை அணைக்கலாம், எதை விட்டுவைக்கலாம்?

மாதம் 20-ஆம் தேதி நெருங்கிவிட்டால் மும்பையில் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துக் கணக்கு அலுவலகங்களில் யாருக்கும் நிமிர்ந்து பேச நேரம் இருக்காது. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுபவர்கள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். தாராவித் தோல் கடைக்காரரிலிருந்து முலுண்டில் கேட்டரிங் நடத்துபவர் வரை எல்லோருடைய கணக்கும் ஒரே வாரத்தில் மேசைக்கு வந்து சேரும். ஒரு பக்கம் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், இன்னொரு பக்கம் ஜிஎஸ்டி தளம், நடுவில் எக்செல். ஒரு எண்ணை இங்கே பார்த்து அங்கே சரிபார்க்கிற அந்த ஓரிரு விநாடிக்குள் திரையின் வலது கீழ் மூலையில் ஏதாவது ஒரு நோட்டிஃபிகேஷன், அதாவது அறிவிப்புப் பெட்டி, எட்டிப் பார்க்கிறது. ஷாப்பிங் தளத்தின் தள்ளுபடி, ஏதோ செய்தித் தளத்தின் பரபரப்பு, விண்டோஸே தரும் யோசனை. கண் அங்கே போய்விட்டுத் திரும்பும்போது எண் மறந்துபோயிருக்கும்.

இதனால் வேலை தாமதமாகும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் தன் குழுவினரோடு செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. இடையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட விரட்டி விரட்டிச் செய்தார்கள். அதற்குப் பதிலாக மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடியும் கூடின. கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். வேலை முடிந்துவிடும், ஆனால் மாலை ஏழரை மணி லோக்கல் ரயிலில் ஏறி நிற்கும்போது தலை கனத்திருக்கும்.

சரி, எப்படி நிறுத்துவது? வழிகள் பல உண்டு. பிரவுசரில் தளங்களின் வாயை அடைக்கலாம். விண்டோஸில் ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் அணைக்கலாம். சில மணி நேரத்துக்கு மட்டும் டூ நாட் டிஸ்டர்ப், அதாவது 'தொந்தரவு செய்யாதே', போடலாம். ஒவ்வொரு செயலியாகப் பார்த்து எதற்கு எவ்வளவு உரிமை என்று பிரிக்கலாம். அல்லது அந்தந்தச் செயலிக்குள்ளேயே போய்க் குறைக்கலாம். எல்லா வழியும் எல்லோருக்கும் பொருந்தாது. எது முதலில், எது யாருக்கு என்பதில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பிரவுசர், அதில் யோசிக்க ஒன்றுமில்லை

யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது குரோம் செட்டிங்ஸைத்தான். 'கம்ப்யூட்டர் தொல்லை செய்கிறது' என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை செய்வது கம்ப்யூட்டரே இல்லை, என்றோ ஒருநாள் 'அலோ' (அனுமதி) கொடுத்த இணையதளங்கள்தான்.

2015 ஏப்ரலில் குரோம் 42 வந்தபோது, இணையதளங்கள் நம் அனுமதியோடு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதியும் கூடவே வந்தது. மெயிலுக்கும் காலண்டருக்கும் நல்ல வசதிதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் சமையல் குறிப்புத் தளம், ராசிபலன் தளம், கிரிக்கெட் ஸ்கோர் தளம் என்று எதைத் திறந்தாலும் 'அலோ'வா 'பிளாக்'கா என்று கேட்க ஆரம்பித்தன. அவசரத்தில் இருப்பவர் 'அலோ'வை அழுத்திவிட்டுப் போய்விடுவார். அனுமதி அன்றோடு முடிவதில்லை. அந்தத் தளத்தை மூடிய பிறகும், அதன் பெயரே மறந்த பிறகும் செய்தி வந்துகொண்டே இருக்கும்.

இதில் மிக மோசமான வகை ஒன்று உண்டு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி பதறி ஓடிவருவான்: "அண்ணா, சிஸ்டத்துல அஞ்சு வைரஸ் வந்திருக்காம், உடனே ரினியூ பண்ணணுமாம்!" போய்ப் பார்த்தால் வலது மூலையில் ஒரு பெட்டி. சிவப்புக் கேடயம், பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனியுடையது போலவே ஒரு சின்னம், 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது' என்ற வரி, கீழே இரண்டு பொத்தான்கள். பார்த்த மாத்திரத்தில் நம்பத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். அங்கே குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், வாயில் நுழையாத ஏதோ ஓர் இணைய முகவரியும் இருக்கும். அப்படியென்றால் அது ஆன்டிவைரஸ் சொன்னது இல்லை. ஓர் இணையதளம் அனுப்பிய விளம்பரம், பல நேரம் அப்பட்டமான மோசடி. விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு எச்சரிக்கை விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயரில் வரும். அதில் எந்த இணைய முகவரியும் இருக்காது.

இந்த அனுமதி எப்படிப் போயிருக்கும்? பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றித் தருகிறேன் என்கிற தளமாக இருக்கலாம், படம் டவுன்லோட் செய்யும் தளமாக இருக்கலாம். 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்' என்று போட்டிருப்பார்கள். உண்மையான ரோபோ சோதனை எதுவும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்காது. இந்த ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். யாராவது அந்தப் பெட்டியை நம்பிப் பணம் கட்டிவிட்டால், கொஞ்சமும் தள்ளிப்போடாமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

நிறுத்துவது சுலபம். பெட்டிக்குள் இருக்கும் பெரிய பொத்தான் எதையும் தொட வேண்டாம். குரோமின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். முதல் முறை அதைப் பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். இத்தனை பேருக்கா அனுமதி கொடுத்தோம் என்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரிமூவ், பிளாக் என்று இரண்டு வழி உண்டு. ரிமூவ் செய்தால் அந்தத் தளம் அடுத்த முறை திரும்பக் கேட்கும். பிளாக் செய்தால் கேட்கவே கேட்காது. தெரியாத தளம் எல்லாவற்றுக்கும் பிளாக்தான் சரி.

அதே பக்கத்தின் மேலே மூன்று தேர்வுகள் இருக்கும். தளங்கள் கேட்கலாம் என்பது ஒன்று. சத்தமில்லாமல் கேட்கட்டும் என்பது இன்னொன்று; 2020 பிப்ரவரியில் குரோம் 80-இல் வந்தது இது. முகவரிப் பட்டையில் சின்ன மணிச் சின்னம் மட்டும் தெரியும், குறுக்கே பெட்டி வராது. மூன்றாவது, யாரும் கேட்கவே கூடாது என்பது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கும், வயதானவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் மூன்றாவதைத் தவிர வேறு எதையும் நான் வைக்க மாட்டேன். 'அப்புறம் ஜிமெயில் வராதே' என்று கேட்பார்கள். வரும். மொத்தத் தடைக்குக் கீழேயே, அனுமதிக்கும் தளங்களின் பட்டியலில் ஆட் என்ற பொத்தான் உண்டு. ஜிமெயில், காலண்டர், வாட்ஸ்அப் வெப் என வேண்டியதை மட்டும் அங்கே சேர்த்தால் போதும். ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களுக்கு இது தேவைப்படாது. அவர்கள் மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் சொல்லிவிடுகிறார்கள்.

எட்ஜிலும் இதே ஏற்பாடுதான், பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும். ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில் 72-ஆம் பதிப்பிலேயே குறுக்கே வரும் பெட்டியை எடுத்துவிட்டது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய், புதிய கோரிக்கைகளைத் தடு என்று டிக் செய்துவிட்டால் தளங்கள் கேட்பதே நின்றுவிடும். நீண்ட நாள் போகாத தளங்களின் அனுமதியைத் தானே எடுத்துவிடும் ஏற்பாட்டைக் குரோம் 2025-இல் அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்காமல் நாமே ஒருமுறை பட்டியலைச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். குரோமை மூடிய பிறகும் செய்தி வருகிறது என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடு என்ற பொத்தான் ஆனில் இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். கம்ப்யூட்டரும் கொஞ்சம் இலேசாகும்.

எல்லாவற்றையும் அணைக்கும் அந்த ஒரு பொத்தான்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ். முதல் பொத்தானை ஆஃப் செய்தால் விண்டோஸ் வழியாக வரும் அறிவிப்புகள் மொத்தமும் நின்றுவிடும். அரை நிமிட வேலை. அதனாலேயே பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

மாட்டுங்காவில் ஓர் உணவகத்தின் பில் கவுன்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். அதில் பில்லிங் சாஃப்ட்வேர் தவிர வேறு வேலை கிடையாது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்தத் திரையில் பில் மட்டும்தான் தெரிய வேண்டும். கடைச் சுவரில் மெனு காட்டும் திரைக்கும், வகுப்பறை புரொஜெக்டரோடு கட்டிப்போட்ட கம்ப்யூட்டருக்கும் இதே பதில்.

ஒரு மனிதர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றரை மணிக்கு வாடிக்கையாளரோடு மீட்டிங் என்ற நினைவூட்டல் வராது. பேக்கப் எடுக்க முடியவில்லை, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்ற செய்தி கண்ணில் படாது. உண்மையான வைரஸ் எச்சரிக்கையும் அதோடு போய்விடும். இதில் ஏதாவது ஒன்றைத் தவறவிட்டவர், மறுநாளே எல்லாவற்றையும் திரும்ப ஆன் செய்துவிடுவார். தள்ளுபடி விளம்பரமும் கூடவே திரும்பிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. சில ஆன்டிவைரஸ்களும் அப்டேட்டர்களும் விண்டோஸின் அறிவிப்பு முறையைப் பயன்படுத்துவதே இல்லை. சொந்தமாக ஒரு ஜன்னலைத் திறந்து காட்டும். அவற்றை இந்தப் பொத்தானும் நிறுத்தாது, அடுத்து வரும் டூ நாட் டிஸ்டர்ப்பும் நிறுத்தாது. அந்தச் செயலியின் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

சில மணி நேர அமைதி

டூ நாட் டிஸ்டர்ப் முற்றிலும் வேறு. இது எதையும் அழிக்காது, தடுக்காது. வருகிற செய்திகள் திரையில் குதிக்காமல் நோட்டிஃபிகேஷன் சென்டர் என்ற பட்டியலில் போய்ச் சேரும். விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையோடு N விசையை அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும்; அதன் தலையிலேயே மணிச் சின்னம் இருக்கும், ஒரு க்ளிக் போதும்.

இதன் பெரிய நன்மை, தானாகவே இயங்க வைக்கலாம் என்பது. தினமும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை என்று நேரம் குறித்துவிடலாம். புரொஜெக்டரில் திரையை அப்படியே காட்டும்போது, முழுத்திரையில் ஒரு செயலி ஓடும்போது என்றும் வைக்கலாம். முக்கியமானவர்களுக்கு விலக்கு தர பிரையாரிட்டி என்ற பட்டியல் இருக்கிறது: நினைவூட்டல்கள் எந்தச் செயலியிலிருந்து வந்தாலும் காட்டு, அழைப்புகள் வந்தால் காட்டு என்று இரண்டு டிக் அதில் உண்டு. நினைவூட்டலுக்கான டிக்கை மறக்காமல் போடுங்கள். மேலே சொன்ன மூன்றரை மணி மீட்டிங் அதில்தான் தப்பிக்கும்.

திரையில் பெட்டி வரவில்லை, ஆனால் கீழே டாஸ்க்பாரில் வாட்ஸ்அப்போ டீம்ஸோ ஆரஞ்சு நிறத்தில் மின்னிக்கொண்டே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். டூ நாட் டிஸ்டர்ப் மட்டும் அதை நிறுத்தாது. ஃபோகஸ் செஷன், அதாவது குறித்த நேரம் கவனமாக வேலை பார்க்க விண்டோஸ் 11 தரும் வசதி, தொடங்கினால் மின்னுவதும் சிவப்பு எண் விழுவதும் சேர்ந்து நிற்கும். நிரந்தரமாக வேண்டாம் என்றால் பெர்சனலைசேஷனில் டாஸ்க்பார் என்ற இடத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இது ஃபோகஸ் அசிஸ்ட் என்ற பெயரில் இருக்கும். அந்த விண்டோஸுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை வைத்துக்கொண்டு நோட்டிஃபிகேஷனைப் பற்றி மட்டும் கவலைப்படுவது சரியில்லை. முதலில் அதை மாற்றுவதைப் பாருங்கள்.

டூ நாட் டிஸ்டர்ப்பில் எனக்கிருக்கும் ஒரே மனக்குறை, குறித்த நேரம் முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. ஒரு மணி ஆனதும் கதவு முழுதாகத் திறந்துவிடும். பிற்பகல் முழுக்க எல்லாம் பழையபடி குதிக்கும்.

செயலி செயலியாகப் பிரிப்பது: கொஞ்சம் உழைப்பு, நிறையப் பலன்

நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் கீழே இறங்கினால் ஒவ்வொரு செயலியின் பெயரும் வரிசையாக இருக்கும். பலரும் பெயருக்கு எதிரில் உள்ள பொத்தானை ஆஃப் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெயரின் மேலேயே க்ளிக் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். திரையில் பேனராகக் காட்டவா? பட்டியலில் சேர்க்கவா? சத்தம் போடவா? பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கவா? அதற்குக் கீழே முன்னுரிமை வரிசை.

பேனரையும் சத்தத்தையும் எடுத்துவிட்டு, பட்டியலில் மட்டும் சேரட்டும் என்று விடுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். மும்பைக் கட்டடங்களில் தரைத்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்குமே, அதைப் போல. தபால் வந்து விழும். யாரும் நான்காவது மாடிக்கு ஏறி வந்து மணி அடிக்க மாட்டார்கள். இறங்கிப் போகும்போது நாமே எடுத்துக்கொள்வோம்.

இது வெறும் அபிப்பிராயம் மட்டும் இல்லை. நிக்கோலஸ் ஃபிட்ஸும் கோஸ்டாடின் குஷ்லெவும் மற்றவர்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, போன் அறிவிப்புகளைப் பற்றியது. நாளுக்கு மூன்று முறை மட்டும் கட்டாகச் சேர்த்து அறிவிப்புகளைப் பெற்றவர்கள், வழக்கம்போல உடனுக்குடன் பெற்றவர்களைவிட நிம்மதியாகவும் கவனமாகவும் இருந்தார்கள். அறிவிப்பே இல்லாமல் விடப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எதையோ தவறவிடுகிறோமோ என்ற பதற்றம்தான் கூடியது. கம்ப்யூட்டருக்கும் இதே மனம்தானே. முழுக்க அணைத்தவர்கள் ஏன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பைத் தாங்களே திறந்து பார்க்கிறார்கள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

எதற்கு எந்த உரிமை? காலண்டருக்கும் அலாரத்துக்கும் பேனர், சத்தம் இரண்டும் இருக்கட்டும். விண்டோஸ் செக்யூரிட்டி, பேக்கப் இரண்டையும் தொடவே வேண்டாம். மெயில் வந்தால் பட்டியலில் மட்டும் சேரட்டும். வாட்ஸ்அப்பும் பட்டியலில் மட்டும். அதில் குழுக்களைப் பற்றித் தனியே சொல்கிறேன். பிரின்டரோடு வந்த செயலி, லேப்டாப் கம்பெனி போட்டு அனுப்பிய உதவிச் செயலி, போட்டோ எடிட்டர், விளையாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் முழு ஆஃப். எதைத் தொடுவது என்று தெரியாத பெயர் வந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யலாம்.

அந்தப் பக்கத்தின் அடியில் கூடுதல் செட்டிங்ஸ் என்று ஒரு மடிப்பு இருக்கும். அதைத் திறந்தால் மூன்று டிக்: அப்டேட்டுக்குப் பின் வரவேற்புக் காட்சி, விண்டோஸை இன்னும் நன்றாகப் பயன்படுத்த யோசனை, குறிப்புகளும் பரிந்துரைகளும். மூன்றையும் எடுத்துவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

செயலிக்கு உள்ளே

விண்டோஸ் ஒரு செயலியை முழுதாகத்தான் பார்க்கும். யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு அவசரம் என்பது செயலிக்குத்தான் தெரியும். அதனால் மெயிலிலும் அரட்டையிலும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமென்றால் உள்ளேதான் போக வேண்டும்.

ஜிமெயில் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷனுக்கு மூன்று வழி: எல்லா மெயிலுக்கும், முக்கியமான மெயிலுக்கு மட்டும், எதற்கும் வேண்டாம். நடுவில் இருப்பது பலருக்குப் போதும். மைக்ரோசாஃப்டின் மெயில் செயலியான அவுட்லுக்கின் பழைய (கிளாசிக்) பதிப்பில் இன்னும் அழகான வழி இருக்கிறது. பொது அறிவிப்பை ஆஃப் செய்துவிட்டு, குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வந்தால் மட்டும் டெஸ்க்டாப் அலர்ட் காட்டு என்று ரூல் போடலாம். ஆடிட்டர் சாரிடமிருந்து வருவது மட்டும் திரையில் வரும், மற்றதெல்லாம் பொறுமையாகக் காத்திருக்கும். தணிக்கை நேரத்தில் இதன் அருமை தெரியும்.

அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸில் பிஸி என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். பிஸி என்பது மற்றவர்களுக்குத் தெரியும் நிறம் மட்டும்தான். செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். டூ நாட் டிஸ்டர்ப் நிலைதான் நிறுத்தும். அதே வகைச் செயலியான ஸ்லாக்கில் பாஸ் (Pause) என்ற வசதி அரை மணி, ஒரு மணி என்று நேரம் கேட்டு அமைதியாகிவிடும்; சேனலைத் தனியாக மியூட்டும் செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் பிரச்சினை குழுக்கள். சொந்த ஊர்க் குழு, பள்ளித் தோழர்கள், சொசைட்டி குழு, குட் மார்னிங் படம் அனுப்பும் சித்தப்பா. யாரையும் விட்டுவிட மனம் வராது, வெளியே வந்தால் வருத்தப்படுவார்கள். மியூட் செய்தால் அவர்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி கேட்கும். சொசைட்டி குழுவை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நாளைக்குத் தண்ணீர் டேங்கர் வராது என்ற செய்தி அதில்தான் வரும். எட்டு மணி நேரம் அதற்குச் சரி.

விண்டோஸில் போன் லிங்க் இணைத்திருந்தால் போனில் வரும் அறிவிப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை வரும். ஒரே செய்தி இரண்டு இடத்தில் மணி அடிப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அதன் செட்டிங்ஸில் ஃபீச்சர்ஸ் பகுதியில் எந்தெந்தச் செயலி என்று தேர்ந்தெடுக்கலாம்.

திரையைப் பகிரும்போது

இது கவனச் சிதறலைவிடப் பெரிய விஷயம், மானம் சம்பந்தப்பட்டது. அந்தேரியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வீடியோ காலில் லாப நஷ்டக் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, 'பெரியப்பா ஆஸ்பத்திரி பில் கட்டப் பணம் பத்தலை, நீ எவ்வளவு தரே?' என்று குடும்பக் குழுவிலிருந்து ஒரு வரி மூலையில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம், இன்னொரு வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் வருவது. கணக்குத் தொழிலில் அது நம்பிக்கையையே உடைத்துவிடும்.

இங்கே இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டும். டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிட்டு முழுத் திரையைப் பகிர்வது ஒன்று. எக்செல் ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிர்வது இன்னொன்று. இரண்டாவதுதான் மேல். டூ நாட் டிஸ்டர்ப் போட மறக்கலாம், சொந்த ஜன்னல் திறக்கும் செயலி அதை மதிக்காமல் போகலாம். ஜன்னலை மட்டும் பகிர்ந்தால் மூலையில் வருவது நமக்குத்தான் தெரியும். மூன்று நான்கு செயலிகளை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டிய கூட்டத்தில் மட்டும் முழுத் திரை. அப்போது டூ நாட் டிஸ்டர்ப்போடு வாட்ஸ்அப்பையே மூடிவிடுவது நல்லது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் வசதி கூடுதல். நோட்டிஃபிகேஷன்ஸ் செட்டிங்ஸிலேயே, திரையைப் பகிரும்போது அறிவிப்பைக் காட்டலாமா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 2021-இல் மான்டெரே என்ற மேக் பதிப்போடு வந்த ஃபோகஸ் வசதியில் வேலைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் யார், எந்தச் செயலி என்று குறிக்கலாம். ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே இருக்கும் கடிகாரத்தை க்ளிக் செய்தால் டூ நாட் டிஸ்டர்ப் ஆன் ஆகும். லினக்ஸ் வகையான உபுன்டுவிலும் அதே பெயரில் பொத்தான் உண்டு; சற்றுப் பழைய பதிப்புகளில் மேலே நடுவில் கடிகாரத்தை க்ளிக் செய்தால் இருக்கும். செட்டிங்ஸில் செயலிவாரியாகவும் பிரிக்கலாம். அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை, தர்க்கம் ஒன்றேதான்.

இதற்கென்றே தனி சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 'பாப்-அப் நிறுத்தி' என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, விளம்பரத்தைத் தானே கொண்டுவருகின்றன. மேலே சொன்ன எல்லாமே காசில்லாமல் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் பதினைந்து இருபது கம்ப்யூட்டர் ஒரே சர்வரோடு (டொமைனில்) இணைந்திருந்தால் ஒவ்வொன்றாகப் போய் உட்கார வேண்டியதில்லை. விண்டோஸ் புரோ பதிப்பில் குரூப் பாலிசி வழியாகக் குரோமுக்கும் எட்ஜுக்கும் ஒரே விதி போடலாம்: எல்லாத் தளத்துக்கும் தடை, இந்த இரண்டு மூன்று முகவரிகளுக்கு மட்டும் அனுமதி. கம்ப்யூட்டர் பராமரிக்க வருகிறவரிடம் இந்த வரியை அப்படியே சொன்னால் செய்துகொடுத்துவிடுவார். பேனரையும் சத்தத்தையும் மட்டும் அவரவர் கையில் விடுவதே நல்லது. வசூலுக்கு போன் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கும் ரிட்டர்ன் போடுபவருக்கும் தேவை ஒன்றாக இருக்காது.

ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் வேறொரு சிக்கல். பெண் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது அம்மாவின் மெயில் வந்து விழும். அப்பா எல்லாவற்றையும் ஆஃப் செய்து வைத்ததால் பெண்ணுக்கு வகுப்பு நினைவூட்டல் வராது. யாருடைய செட்டிங்ஸைப் பிடிப்பது என்று சண்டை போட வேண்டாம். விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு திறந்துவிடுங்கள். இந்தத் தேர்வுகள் எல்லாம் கணக்குக்குக் கணக்கு தனித்தனியாகவே சேமிக்கப்படும். அது பெரிய வேலை என்றால் குரோமிலாவது ஆளுக்கொரு புரொஃபைல் வையுங்கள். தளங்களுக்குக் கொடுத்த அனுமதி அந்தந்த புரொஃபைலோடு நின்றுவிடும். அப்படிச் செய்யும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: புதிய புரொஃபைல் ஒவ்வொன்றிலும் தளங்கள் கேட்கலாம் என்பதுதான் முதலில் இருக்கும். அதனால் திறந்த அன்றே அதில் தடையைப் போட்டுவிடுங்கள். தாத்தாவுக்குத் திறந்து கொடுக்கும் புரொஃபைலில் இதுதான் முதல் வேலை.